ஆழத்தில் பிடித்த பாஸ் மீனை உயிரோடு திரும்ப விடுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோடை முற்றியதும் ஈரி, ஒண்டாரியோ, சிம்கோ ஏரிகளில் சிறுவாய் பாஸ் கரையோரத்தை விட்டு 25 முதல் 45 அடி ஆழத்துக்கு இறங்கிவிடும். டொராண்டோவைச் சுற்றி வாழும் தமிழர்களில் பலர் இப்போது படகு வாங்கி, ஆழத்தையும் மீனையும் திரையில் காட்டும் சோனார் பொருத்தி, அந்த ஆழத்திலேயே தூண்டில் போடுகிறார்கள். பெரும்பாலோர் மீனைத் திரும்ப விடவும் செய்கிறார்கள். ஆனால் விட்ட மீனெல்லாம் பிழைப்பதில்லை. வாலை அடித்துக்கொண்டு மறைந்த மீன் சற்று தள்ளி மேலே மிதந்து வெயிலிலும் கடற்காக்கையிடமும் சிக்கலாம். இரண்டு மூன்று நாள் கழித்து அடியில் சாகவும் செய்யலாம். நம் கண்ணுக்குத் தெரியாமல் நடக்கும் இந்தச் சாவைக் குறைக்க என்ன செய்யலாம் என்பதே இந்தப் பக்கம்.

இங்கே பாஸ் என்று எந்த மீனைச் சொல்கிறீர்கள்?

வட அமெரிக்க நன்னீர் மீன்களான பெருவாய் பாஸ், சிறுவாய் பாஸ், புள்ளி பாஸ் ஆகிய மூன்றையும். நம் ஊரில் ‘சீ பாஸ்’ என்று விற்கப்படும் கொடுவாவுக்கும் இவற்றுக்கும் தொடர்பில்லை. மூன்றில் ஆழத்தில் அதிகம் சிக்குபவை சிறுவாயும் புள்ளியும்தான். பெருவாய் பாஸ் பொதுவாக நீர்ச்செடிகளுக்குள் கிடக்கும். ஆனால் அமெரிக்காவின் தெற்கு மாநில நீர்த்தேக்கங்களில் அதுவும் 30 அடிக்குக் கீழே கூட்டமாக நிற்கும்.

ஆழத்திலிருந்து மேலே வரும்போது மீனுக்குள் என்ன நடக்கிறது?

மீன் நீரில் எடையின்றி நிற்பதற்காக, முதுகெலும்புக்குக் கீழே, வயிற்றறையின் மேல்பகுதியில் ஒரு காற்றுப்பை இருக்கிறது. நன்னீர் மீனில் அது உடலின் கன அளவில் ஏறத்தாழ 7 சதவீதம். ட்ரவுட், கெண்டை வகை மீன்களுக்கு அந்தப் பையிலிருந்து தொண்டைக்கு ஒரு குழாய் உண்டு. வேண்டாத காற்றை ஏப்பமாக விட்டுவிடும். பாஸுக்கு வளர்ந்த பிறகு அந்தக் குழாய் இல்லை. இரத்தத்திலிருந்துதான் வாயுவைப் பைக்குள் நிரப்ப வேண்டும், இரத்தத்துக்குள்தான் திரும்ப வாங்கவும் வேண்டும். இரண்டும் மணிக்கணக்கில் நடக்கும் வேலை.

நீர்மட்டத்தில் அழுத்தம் 1 வளிமண்டலம். 33 அடியில், அதாவது 10 மீட்டரில், அது 2 வளிமண்டலம் ஆகிறது. 33 அடியில் நிலைகொண்டிருந்த மீனை ஒரு நிமிடத்தில் மேலே கொண்டுவந்தால், அதன் காற்றுப்பை இரு மடங்காக விரியப் பார்க்கும். 66 அடியிலிருந்து வந்தால் மூன்று மடங்கு. வயிற்றறைக்குள் அவ்வளவு இடம் கிடையாது. பை விரிந்து ஈரலையும் குடலையும் நெருக்கும், சில நேரம் கிழியும். இரத்தத்தில் கரைந்திருந்த வாயுவும் குமிழியாகி கண்ணுக்குள்ளும் துடுப்புகளிலும் தேங்கும். பாரோட்ராமா என்று மீன்பிடிப்பாளர்கள் சொல்வது இந்த அழுத்தக் காயத்தைத்தான்.

எத்தனை அடியிலிருந்து கவலைப்பட வேண்டும்?

15 அடிக்குள் பிடித்த மீனைப் பற்றி இந்த வகையில் கவலை வேண்டாம். 20 அடி தாண்டினால் சில மீன்களில் அறிகுறி தெரியும். 30 அடிக்கு மேல் போனால் பல மீன்களில் எதிர்பார்க்கலாம். 40 அடிக்குக் கீழே மீன்பிடிப்பவர், மீனைத் திரும்ப ஆழத்துக்குக் கொண்டுபோய் விடும் இறக்கும் கருவி ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டுதான் தூண்டிலையே இறக்க வேண்டும் என்பது எங்கள் உறுதியான கருத்து.

சோனாரில் தெரியும் ஆழமே முழுக் கதையும் ஆகாது. மீன் எந்த ஆழத்தில் பல மணி நேரம் தங்கியிருந்ததோ, அதற்கேற்பத்தான் அதன் பை நிரம்பியிருக்கும். 35 அடி ஆழப் பாறையை விட்டு 15 அடியில் சிறு மீன் கூட்டத்தைத் துரத்த வந்த பாஸ், 15 அடியில் சிக்கினாலும் 35 அடி மீனைப் போலவே ஊதிப்போகலாம்.

ஏரிக்கு ஏரியும் மாறும். செயின்ட் கிளேர் ஏரியின் சராசரி ஆழம் 11 அடி. கப்பல் கால்வாயை விட்டால் 21 அடிக்கு மேல் ஆழமே இல்லை. அங்கே இந்தத் தொல்லை அரிது. ஈரியின் கிழக்குப் பகுதியும் ஒண்டாரியோ ஏரியும் வேறு மாதிரி. கறுங்கடல், காஸ்பியன் கடல் பகுதிகளிலிருந்து கப்பல் நீரோடு வந்து சேர்ந்த உருண்டை கோபி மீன், 1990-இல் செயின்ட் கிளேர் ஆற்றில் முதலில் காணப்பட்டது. இன்று அது பேரேரிகளின் அடித்தளமெங்கும் பரவி, சிறுவாய் பாஸின் முக்கிய இரையாகிவிட்டது. இரை ஆழத்தில் இருப்பதால் பாஸும் ஆழத்தில் நிற்கிறது, தூண்டிலும் அங்கேயே போகிறது.

மெதுவாகச் சுற்றி, இடையிடையே நிறுத்தி இழுத்தால் மீன் பழகிக்கொள்ளாதா?

பழகிக்கொள்ளாது. கூடுதல் வாயுவை இரத்தம் வாங்கிக்கொள்ளப் பல மணி நேரம் வேண்டும். நீங்கள் கொடுப்பது ஐந்து நிமிடம். அந்த ஐந்து நிமிடப் போராட்டத்தில் தசையில் லாக்டிக் அமிலம் சேர்ந்து மீன் களைத்துப்போவதுதான் மிச்சம். போதிய வலுவுள்ள கம்பும் தங்கூசியும் (தூண்டில் நரம்பு) வைத்து, சீராக, சீக்கிரம் மேலே கொண்டுவாருங்கள். டிராப் ஷாட் (குண்டு நுனியில், முள் அதற்கு மேலே இருக்கும் தூண்டில் முறை) போடுவதற்காக மிக மெல்லிய தங்கூசியைக் கட்டிக்கொண்டு ஒவ்வொரு மீனோடும் நெடுநேரம் மல்லுக்கட்டுவது மீனுக்குக் கேடு.

பாதிக்கப்பட்ட மீனை எப்படி அடையாளம் காண்பது?

வயிறு உப்பித் தொட்டால் இறுக்கமாக இருக்கும். மலவாய் வெளியே தள்ளியிருக்கலாம். தொண்டைக்குள் இளஞ்சிவப்பு நிறத்தில் சதை பிதுங்கித் தெரியலாம். அது உள்ளுறுப்பு, அதைக் குத்தவோ உள்ளே தள்ளவோ கூடாது. துடுப்பின் அடியிலும் வயிற்றுத் தோலிலும் இரத்தக் கசிவு, கண்ணில் குமிழி, கண் பிதுங்கல் ஆகியவை கடுமையான நிலைக்கு அடையாளம்.

எல்லாவற்றையும் விட நம்பகமான சோதனை, மீன் தண்ணீருக்குள் நிற்கும் நிலை. நேராக நிற்கிறதா, பக்கவாட்டில் சாய்கிறதா, வால் மேலேறித் தலை கீழே போகிறதா என்று பாருங்கள். இன்னொன்று: படகுக்கு வந்தவுடன் நன்றாக இருக்கும் மீன், லைவ்வெல்லில், அதாவது மீனை உயிரோடு வைக்கும் படகுத் தொட்டியில், அரை மணி, ஒரு மணி கழித்து மல்லாந்துவிடுவதுண்டு. முதலில் அது துடுப்பை வேகமாக அடித்து உடலைக் கீழே அழுத்தி வைத்திருக்கும். களைத்ததும் மிதக்கும். அதனால் ஆழத்தில் பிடித்த மீன் லைவ்வெல்லில் இருந்தால் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை மூடியைத் திறந்து பாருங்கள்.

மீன் படகருகே வந்ததும் முதல் நிமிடத்தில் என்ன செய்ய வேண்டும்?

முடிச்சில்லாத, ரப்பர் பூசிய கைவலையால் அள்ளுங்கள். நைலான் முடிச்சு வலை வழுவழுப்பையும் துடுப்பு நுனியையும் உரித்துவிடும். குறடு முன்பே எட்டும் இடத்தில் இருக்கட்டும். கையை நனைத்துக்கொண்டு, ஒரு கை தாடையிலும் ஒரு கை வயிற்றுக்கு அடியிலுமாகப் படுக்கைவாட்டில் பிடியுங்கள். பெரிய மீனைத் தாடையில் மட்டும் தொங்கவிட்டால் முழு எடையும் தாடை மூட்டில் விழும்.

காற்றில் இருக்கும் நேரம் 30 விநாடியைத் தாண்ட வேண்டாம். படம் எடுக்க வேண்டுமானால் கேமரா தயாரான பிறகு மீனைத் தூக்குங்கள். படகின் சூடான தரையில் போடாதீர்கள்.

அதன்பின் அதே இடத்தில், அந்த நொடியே, தலை கீழாக நீருக்குள் செலுத்தி விடுங்கள். ஆழத்து மீனுக்கு நீங்கள் செய்யக்கூடிய ஆகப் பெரிய உதவி இதுதான். இன்னும் வலு இருக்கும்போது விட்டால், பல மீன்கள் தாமாகவே முட்டி மோதிக் கீழே போய்விடும். 15 அடி இறங்கினாலே பை கணிசமாகச் சுருங்கி, மீதித் தூரம் எளிதாகும். லைவ்வெல்லில் ஒரு மணி நேரம் வைத்துவிட்டு விட்டால் அந்த வலு இருக்காது.

விட்டேன், போகாமல் மேலேயே சுற்றுகிறது. இப்போது?

வழி மூன்று: கருவியால் ஆழத்துக்கு இறக்குவது, துடுப்பில் எடை மாட்டுவது, ஊசியால் காற்றை வெளியேற்றுவது. உடனே விடப்போகும் மீன் என்றால் இறக்குவதே முதல் தேர்வு, ஏனென்றால் மீனைத் துளைக்க வேண்டியதில்லை. மீன்பிடிப் போட்டியில் எடைபோடும் வரை லைவ்வெல்லில் வைக்க வேண்டிய மீன் என்றால் துடுப்பு எடையோ ஊசியோ.

இறக்கும் கருவியை வீட்டில் செய்ய முடியுமா?

முடியும். 8/0 அளவுள்ள பெரிய தூண்டில் முள் ஒன்றை எடுத்து, அதன் எதிர்முள்ளை அரத்தால் முழுக்கத் தேய்த்துவிடுங்கள். தங்கூசியை முள்ளின் வளைவில் கட்டுங்கள்; காதில் ஒரு முழக் கயிறு கட்டி அதில் ஈயக்குண்டைத் தொங்கவிடுங்கள். தூக்கிப் பிடித்தால் முள்ளின் முனை கீழ்நோக்கி இருக்க வேண்டும். மீன் சிக்கிய துளை கீழ்த்தாடையின் மெல்லிய தோலில் இருக்குமே, அதிலேயே மேலிருந்து முனையைச் செருகி, மீனை விட்டுவிட்டுத் தங்கூசியை இறக்குங்கள். குண்டு இழுக்க மீன் தலைகீழாகப் பின்தொடரும். வேண்டிய ஆழம் வந்ததும் கம்பை ஒருமுறை மேலே வெட்டி இழுத்தால் முள் நழுவிவிடும்.

எவ்வளவு எடை? கணக்கு எளிது. 1.8 கிலோ (4 பவுண்டு) பாஸின் காற்றுப்பை ஏறத்தாழ 130 மில்லிலிட்டர். 40 அடியிலிருந்து வந்தால் அது 2.2 மடங்காகி 280 மில்லிலிட்டரைத் தொடும். கூடுதல் 150 மில்லிலிட்டர், அதாவது மீனை மேலே தள்ளும் விசை 150 கிராம் எடைக்குச் சமம். மீன் எதிர்த்து நீந்துவதையும் சேர்த்து 340 கிராம் (12 அவுன்ஸ்) ஈயம் போதும். மூன்று கிலோ மீனுக்கு அரைக் கிலோ.

பிடித்த ஆழத்துக்கே இறக்குவது நல்லது. முடியாவிட்டால் பாதி ஆழமாவது போகட்டும். 40 அடி மீனை 20 அடியில் விட்டால் பை இயல்பை விட 1.4 மடங்குதான் இருக்கும். அதை மீனே சமாளித்துக் கீழே போகும்.

கடையில் கிடைக்கும் தாடைக் கவ்வி வகை, முன்பே அமைத்த ஆழத்தின் அழுத்தம் வந்ததும் தானே திறந்துகொள்ளும். விலை கூடுதல், ஆனால் அலையுள்ள நாளில் வேலை சுலபம். பால் பாக்கெட் அடுக்கும் பிளாஸ்டிக் கூடையைக் கவிழ்த்து, விளிம்பில் 4, 5 கிலோ எடை கட்டி, மிதக்கும் மீன் மேல் கவிழ்த்து இறக்குவதும் பழைய, நல்ல முறை. மீன் கூடைக்குள் மேல்பக்கம் முட்டிக்கொண்டிருக்கும். பை சுருங்கியதும் அடிப்பக்கமாக வெளியேறிவிடும். கடலிலும் இதே சிந்தனைதான்: அமெரிக்காவின் மெக்சிகோ வளைகுடாப் பகுதியில் பாறை மீன் பிடிக்கும் படகில் இறக்கும் கருவியோ காற்று நீக்கும் ஊசியோ தயாராக இருக்க வேண்டும் என்ற சட்டம் 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது.

ஊசியால் காற்றை வெளியேற்றுவது எப்படி?

ஃபிஸ்ஸிங் என்று சொல்லப்படும் இந்த வேலையை, மீன் நேராக நிற்க முடியாமல் தவிக்கும்போது மட்டும் செய்யுங்கள். ஆழத்தில் பிடித்தோம் என்பதற்காக நன்றாக நீந்தும் மீனைக் குத்துவது தேவையற்ற காயம்.

வேண்டியது: 18 கேஜ், ஒன்று முதல் ஒன்றரை அங்குல நீளமுள்ள மருத்துவ ஊசி, உந்துதண்டை எடுத்துவிட்ட சிரிஞ்சுக் குழாய் பிடிமானத்துக்கு, ஊசியைத் துடைக்க ஆல்கஹால், ஊசி மூடி. 20 கேஜுக்கு மெல்லிய ஊசி செதிலில் அடைத்துக்கொள்ளும், வளையும். இரும்புக் கம்பி, கத்தி முனை, தூண்டில் முள் எதுவும் ஊசிக்கு மாற்று ஆகாது. உள்ளே குழாய் இல்லாத எதுவும் காற்றை வெளியே கொண்டுவராது, ஓட்டைதான் போடும்.

இடம் காண்பதுதான் முக்கியம். முதுகுத் துடுப்பின் முன்பகுதி முள்ளுள்ளது, பின்பகுதி மென்மையானது. இரண்டுக்கும் நடுவே ஒரு பள்ளம் உண்டு. அந்தப் பள்ளத்திலிருந்து மலவாய்க்கு மனதில் ஒரு கோடு போடுங்கள். மார்புத் துடுப்பை உடலோடு ஒட்டிப் பின்னோக்கிப் படுக்கவைத்து, அதன் மட்டத்திலேயே வாலை நோக்கி இன்னொரு கோடு. இரண்டும் சந்திக்கும் இடம், பக்கக்கோட்டுக்கு (மீனின் பக்கவாட்டில் தலையிலிருந்து வால்வரை ஓடும் கோடு) சில செதில் வரிசை கீழே விழும். அதுதான் குத்த வேண்டிய இடம்.

மீனைத் தண்ணீருக்குள்ளேயே, லைவ்வெல்லிலோ பெரிய தொட்டியிலோ, பக்கவாட்டில் படுக்க வைத்துப் பிடியுங்கள். இன்னொருவர் பிடித்துக்கொண்டால் நல்லது. ஊசி முனையை ஒரு செதிலின் பின்விளிம்புக்கு அடியில் நுழைத்து, பிறகு உடலுக்குச் செங்குத்தாக, நிதானமாக அழுத்துங்கள். தசைச் சுவரைத் தாண்டும்போது கைக்கு ஒரு விடுபடல் தெரியும், ஊசியின் பின்முனையிலிருந்து குமிழி வரும். குமிழி வந்ததும் மேலும் தள்ளாதீர்கள்.

இந்த வேலையைத் தண்ணீருக்குள் செய்வதற்குக் காரணம் இரண்டு: குமிழி கண்ணுக்குத் தெரியும், மீன் எப்போது சமநிலைக்கு வருகிறது என்பதும் தெரியும். சில விநாடிக்கு ஒருமுறை பிடியைத் தளர்த்திப் பாருங்கள். மீன் தானாக நிமிர முயன்றால் உடனே ஊசியை உருவிவிடுங்கள். வயிற்றை அமுக்கிக் காற்றைப் பிதுக்காதீர்கள். முழுக் காற்றும் போய்விட்டால் மீன் கல்லாக அடியில் கிடந்து, மீண்டும் பையை நிரப்பும்வரை ஓயாமல் நீந்த வேண்டிவரும். கொஞ்சம் மிதப்பு மிச்சம் இருக்கட்டும். ஊசித் துளை சில நாளில் மூடிக்கொள்ளும்.

குமிழி வரவில்லை. என்ன தவறு?

பெரும்பாலும் ஊசிக்குள் செதில் துணுக்கோ சதையோ அடைத்திருக்கும். வெளியே எடுத்து, உந்துதண்டால் தண்ணீர் பீய்ச்சி அடைப்பை நீக்கி, அதே துளையில் மறுபடி முயலுங்கள். ஊசி குட்டையாக இருந்தால் பெரிய மீனில் பையை எட்டாது. ஐந்து பவுண்டுக்கு மேற்பட்ட மீனுக்கு ஒன்றரை அங்குலம் தேவை. இரத்தம் வந்தால் இடம் மேலே போய்விட்டது என்று பொருள்: பையின் மேல், முதுகெலும்பை ஒட்டிச் சிறுநீரகமும் பெரிய இரத்தக் குழாயும் இருக்கின்றன. மிகக் கீழே குத்தினால் குடலும் சினைப்பையும். இரண்டு முறை முயன்றும் வரவில்லையென்றால் நிறுத்திவிட்டு இறக்கும் கருவிக்குப் போங்கள். கிழிந்துபோன பையிலிருந்து காற்று ஏற்கெனவே வயிற்றறைக்குள் பரவியிருந்தாலும் இப்படி ஆகும்; அந்த மீனை எத்தனை முறை குத்தினாலும் பயனில்லை.

வாய் வழியாகக் குத்துகிறார்களே?

செயின்ட் லாரன்ஸ் ஆற்றுப் பக்கம் அனுபவசாலிகள் சிலர் தொண்டைக்குள் பிதுங்கித் தெரியும் பகுதியில் ஊசியைச் செருகுவார்கள். விரைவான முறைதான். ஆனால் இதயமும் செவுள் இரத்தக் குழாய்களும் அந்தப் பக்கமே இருக்கின்றன. பிதுங்குவது பையா இரைப்பையா என்று பார்த்துச் சொல்வதும் கடினம். நேரில் ஒருவர் கைபிடித்துக் கற்றுத்தராமல் இதைத் தொடங்க வேண்டாம். பக்கவாட்டு முறையே போதும்.

துடுப்பு எடை என்றால் என்ன?

சிறு கவ்வியில் ஈயம் கோத்து, மலவாய்த் துடுப்பிலும் இடுப்புத் துடுப்புகளிலும் மாட்டுவது. லைவ்வெல்லில் மீன் மல்லாந்துவிடாமல் நிமிர்ந்து நிற்கும், போராடிக் களைக்காது. காயம் இல்லை என்பது இதன் பலம். காற்று அப்படியே உள்ளே இருக்கிறது என்பது பலவீனம்: எடையைக் கழற்றியதும் மீண்டும் மிதந்தால், கருவியால் இறக்கித்தான் விட வேண்டும். ரப்பர் பூசிய கவ்வியாகப் பாருங்கள். பல்லுள்ள கவ்வி துடுப்புச் சவ்வைக் கிழிக்கும்.

லைவ்வெல்லில் எத்தனை மீன் வைக்கலாம்?

ஒரு பவுண்டு மீனுக்கு ஒரு கேலன் தண்ணீர், அதாவது கிலோவுக்கு 8 லிட்டர், என்பது குறைந்தபட்சக் கணக்கு. நான்கு பவுண்டு மீன் ஐந்து என்றால் 75 லிட்டராவது வேண்டும். தண்ணீர் 25 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் இந்தக் கணக்கை நம்பாதீர்கள்.

காரணம் இது. காற்றோட்டத்தால் தண்ணீர் பிடித்துவைக்கக்கூடிய ஆக்சிஜன் 15 டிகிரியில் லிட்டருக்கு 10.1 மில்லிகிராம், 20-இல் 9.1, 25-இல் 8.3, 30-இல் 7.6. சூடு ஏற ஏற வரவு குறைகிறது. அதே நேரம் மீனின் தேவை, 10 டிகிரி ஏறினால் ஏறத்தாழ இரு மடங்காகிறது. லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்குக் கீழே போனால் பாஸ் தவிக்கத் தொடங்கும். 7-க்கு மேல் வைத்திருப்பதே குறி. மீனைப் போட்ட முதல் அரை மணியில்தான் ஆக்சிஜன் மிக வேகமாகத் தீரும், ஏனென்றால் போராடிய களைப்பைத் தீர்க்க மீன் அதிகம் இழுக்கும். ஆகவே மீன் விழுந்ததும் பம்பை இடைவெளி டைமரில் விடாமல் தொடர்ந்து ஓட விடுங்கள். பேட்டரியைச் சேமிக்க நினைத்து மீனை இழக்காதீர்கள்.

ஆழத்து மீனுக்கு இன்னொரு சிக்கல்: அது நின்ற இடம் 18 டிகிரி, பம்பு இழுக்கும் மேல்நீர் 26 டிகிரி. அதனால் வெயில் காலத்தில் விடியற்காலையிலேயே லைவ்வெல்லை நிரப்பி, மறுசுழற்சி முறையில் ஓட்டி, பனிக்கட்டியால் சூட்டைக் கட்டுப்படுத்துங்கள். மறுசுழற்சியில் அம்மோனியா சேரும். இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை பாதித் தண்ணீரை மாற்றிவிடுங்கள். ஓடும்போது தொட்டியை விளிம்புவரை நிரப்பி வையுங்கள். பாதி நிரம்பிய தொட்டியில் அலை மீனைச் சுவரில் அறைந்துகொண்டே இருக்கும்.

எவ்வளவு ஐஸ் போடுவது?

100 லிட்டர் தண்ணீரில் 1 கிலோ ஐஸ் ஏறத்தாழ 1 டிகிரி குறைக்கும். 26 டிகிரியை 24 ஆக்க 2 கிலோ. ஏரியின் மேல்நீரை விட 3 டிகிரிக்கு மேல் குளிர்விக்காதீர்கள். விடும்போது மறுபடி சூடான நீரில் விழும் அதிர்ச்சியே மீனைக் கொல்லும். குழாய்த் தண்ணீர் ஐஸில் குளோரின் இருக்கும். இரண்டு லிட்டர் பாட்டில்களில் தண்ணீரை உறையவைத்து, மூடியோடு மிதக்கவிட்டால் அந்தக் கவலையும் இல்லை. ஒரு வெப்பமானி தொட்டியிலேயே இருக்கட்டும். கையை விட்டுப் பார்த்து மதிப்பிடுவது ஏமாற்றும்.

உப்பு தேவையா?

உதவும். மீனின் இரத்தம் ஏரி நீரை விட உப்பானது. வழுவழுப்பு உரிந்து, அதிர்ச்சியில் இருக்கும் மீனின் உடலிலிருந்து உப்பு வெளியேறிக்கொண்டிருக்கும். லிட்டருக்கு 3 முதல் 5 கிராம், அதாவது 100 லிட்டருக்கு 300 முதல் 500 கிராம், அந்த இழப்பைக் குறைக்கும். அயோடினும் கட்டிபடாமல் தடுக்கும் பொருளும் சேர்க்காத கல்லுப்போ, கனடாக் கடைகளில் கிடைக்கும் பிக்ளிங் சால்ட்டோ போடுங்கள். வாளியில் கரைத்து ஊற்ற வேண்டும். கட்டியாகக் கொட்டினால் அடியில் கிடக்கும் மீனின் செவுளைச் சுடும். தண்ணீர் மாற்றும்போது மாற்றிய அளவுக்கு மட்டும் மறுபடி சேர்க்கவும்.

ஆக்சிஜன் சிலிண்டர் வைத்தால் எல்லாம் தீருமா?

26 டிகிரிக்கு மேல், தொட்டி நிறைய மீன் இருக்கும்போது அது பெரிய வித்தியாசம் செய்யும். நுண்குமிழிக் கல்லோடு மெல்லிய ஓட்டம் போதும். ஆனால் ஆக்சிஜன் இருப்பதால் தண்ணீர் மாற்றாமல் விட்டால் கரியமில வாயுவும் அம்மோனியாவும் சேரும். மூடியைச் சற்றுத் திறந்து வையுங்கள். ரெகுலேட்டரில் எண்ணெயோ கிரீஸோ படக்கூடாது. பெட்ரோல் தொட்டிக்கு அருகே சிலிண்டரைக் கட்டாதீர்கள், பக்கத்தில் யாரும் புகைக்கவும் கூடாது. அழுத்தக் காயத்துக்கு ஆக்சிஜன் மருந்து அல்ல. மல்லாந்த மீன் ஆக்சிஜன் நிறைந்த தொட்டியிலும் மல்லாந்தே கிடக்கும்.

போட்டியில் மீனை எடைபோடக் கொண்டுபோகும் பையில் எவ்வளவு நேரம்?

இரண்டு நிமிடத்துக்கு மேல் வேண்டாம். ஐந்து பெரிய பாஸ் பையிலுள்ள சிறிதளவு நீரின் ஆக்சிஜனை மிக வேகமாகத் தீர்த்துவிடும். பையைப் பாதிக்கு மேல் தண்ணீரால் நிரப்புங்கள், அதுவும் லைவ்வெல் தண்ணீரால். வரிசை நீண்டிருந்தால், முறை வரும்வரை மீன் படகிலேயே இருக்கட்டும்.

தூண்டில் முள்ளை விழுங்கிவிட்டது. பிடுங்கலாமா?

முள் தொண்டைக்குள் தெளிவாகத் தெரிந்து, குறடால் திருப்பி எடுக்க முடிந்தால் எடுங்கள். இரைப்பைக்குள் போயிருந்தால் தங்கூசியை முள்ளுக்கு அருகே வெட்டிவிட்டு விடுங்கள். செவுளில் இரத்தம் கொட்டும் மீன், ஆழத்திலிருந்து வந்து கண்ணும் பிதுங்கியிருந்தால், பிழைக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. பருவமும் அளவும் எண்ணிக்கையும் அனுமதித்தால் அதைக் குழம்புக்கு எடுத்துக்கொள்வதே நேர்மை.

வால்ஐ, மஞ்சள் பெர்ச், லேக் ட்ரவுட் போன்ற மற்ற ஏரி மீன்களுக்கும் இதே முறையா?

வால்ஐக்கும் பெர்ச்சுக்கும் பாஸைப் போலவே குழாயில்லாத காற்றுப்பை. 30 அடிக்குக் கீழிருந்து வந்தால் அவையும் மோசமாகப் பாதிக்கப்படும். இறக்கும் கருவி அவற்றுக்கும் பொருந்தும். மேலே சொன்ன ஊசி இடம் பாஸின் உடலமைப்புக்கு மட்டுமே உரியது. லேக் ட்ரவுட்டுக்குக் குழாய் உண்டு. அது வரும் வழியிலேயே குமிழி விட்டுக்கொண்டு வரும். அதைக் குத்தவே வேண்டாம்.

எங்கே விட வேண்டும்?

பிடித்த இடத்திலேயே. போட்டிகளில் கரைக்குக் கொண்டுவந்து விட நேர்ந்தால், சூடான ஆழமற்ற துறையில் கொட்டாமல், திறந்த, குளிர்ந்த, ஆழமான நீருக்குக் கொண்டுபோங்கள். பெருவாய் பாஸ் விட்ட இடத்தருகே நெடுநாள் தங்கிவிடும் பழக்கமுள்ளது. ஒரே துறையில் நூற்றுக்கணக்கில் விட்டால் அங்கே நெருக்கடி. கடும் வெயிலில் இப்படி நெருங்கி, களைத்துக் கிடக்கும் மீன்களுக்கு நோயும் எளிதில் தொற்றும்.

சட்டம் என்ன சொல்கிறது?

ஒண்டாரியோவில் உரிமம் இல்லாமல் உயிருள்ள மீனைத் தரை வழியாகக் கொண்டுபோகக் கூடாது. லைவ்வெல்லில் வைத்திருந்து பெரிய மீன் வந்ததும் சிறியதை விடுவதற்குத் தனி நிபந்தனைகள் உண்டு. மண்டலத்துக்கு மண்டலம் பருவமும் எண்ணிக்கையும் மாறும். ஊசி போடுவதைப் பற்றிய நிலைப்பாடும் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுகிறது. அந்தந்த ஆண்டின் விதிச் சுருக்கத்தைப் படித்துவிட்டுப் போங்கள்.

ஆழத்தில் எப்போது பிடிப்பதை நிறுத்த வேண்டும்?

சாப்பிடுவதற்காகப் போனால், அளவு நிரம்பியதும். ஆழத்து மீன் கூட்டத்தின் மேல் நின்றுகொண்டு, ‘விடத்தானே போகிறோம்’ என்று முப்பது நாற்பது மீன் இழுப்பது, எத்தனை கருவி வைத்திருந்தாலும் சிலவற்றைக் கொல்லும். தொடர்ந்து வரும் இரண்டு மூன்று மீன்கள் உப்பி வந்தால் இடத்தை மாற்றி 20 அடிக்குள் வாருங்கள். 50 அடிக்குக் கீழே, விடும் எண்ணத்தோடு பாஸ் பிடிக்கவே வேண்டாம் என்பது எங்கள் பரிந்துரை.

லைவ்வெல்லை எப்படிச் சுத்தம் செய்வது?

கரையேறியதும் அடைப்பைத் திறந்து முழுத் தண்ணீரையும் அங்கேயே வடித்துவிடுங்கள். ஒண்டாரியோவில் 2022 ஜனவரி முதல், படகைச் சாலையில் ஏற்றும் முன் வடிகால் அடைப்புகளைத் திறந்து, ஒட்டியிருக்கும் நீர்ச்செடிகளை நீக்குவது கட்டாயம். பிறகு வெந்நீரால் கழுவி, மூடியைத் திறந்து வைத்துக் காயவிடுங்கள். சோப்பும் வாசனைத் திரவமும் வேண்டாம். அவற்றின் மிச்சம் அடுத்த மீனின் செவுளில்தான் போய்ச் சேரும். உப்பு போட்டிருந்தால் பம்பு வழியாக நல்ல தண்ணீர் ஐந்து நிமிடம் ஓடட்டும், இல்லாவிட்டால் பம்பின் உட்பகுதி துருப்பிடிக்கும்.